ஒரு மீட்டர் முடிச்சு

ஏப்ரல் 9, செவ்வாய்

கண்ணீர் அஞ்சலி. எனது வலது கால் ஷூவின் நாடா இன்று காலை 5.50 மணியளவில் பள்ளி மைதானத்தில் இயற்கை எய்தியது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தோற்றம்: எட்டாம் வகுப்புத் தீபாவளி. மறைவு: பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள். பிரிவால் வாடுவது இடது கால் நாடா. நல்லடக்கம் அம்மாவின் தையல் மிஷினுக்குக் கீழே உள்ள குப்பைக்கூடையில் நடைபெற்றது. தற்காலிக ஏற்பாடாக, பாவாடை நாடா ஒன்று பதவியேற்றுள்ளது.

நான் அந்த நேரத்தில் மைதானத்தில் என்ன செய்தேன் என்று வருங்காலம் கேட்கும். ஓடினேன். லீவுக்கு அம்மா இரண்டு வழிதான் வைத்திருந்தாள். ஒன்று, காலை ஆறு மணி டைப்ரைட்டிங் கிளாஸ். இன்னொன்று, "ஏதாவது உருப்படியா." கனிராஜ் ஓடப் போகிறான், துணைக்குப் போகிறேன் என்றேன். கனிராஜ் எங்கள் தெருவில் உருப்படி என்று ஒப்புக்கொள்ளப்பட்டவன். அம்மா சம்மதித்தாள்.

அவனுக்கு விஷயம் வேறு. மே 12-ம் தேதி விருதுநகரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு மீட்டரை நாலரை நிமிடத்துக்குள் ஓடினால் சாப்பாடு, தங்க இடம், பிளஸ் ஒன், கோச் எல்லாம் கிடைக்கும். ஓடாவிட்டால் அவன் மாமா வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் அவன் வீட்டில் எதுவும் கிடையாது. இன்று அவன் 4:41.

நான் 5:36. பி.டி. மாஸ்டர் தேவபிச்சை சார் தன் டிவிஎஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே சங்கு, நீ எதுக்குடா வந்த?"

சங்கரலிங்கம் என்று முழுப்பெயர் வைத்த என் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் நான் சங்கு.

"உடம்பைத் தேத்தலாம்னு சார்."

"அதுக்கு டானிக் குடி. வர்ற ஞாயித்துக்கெழமை அஞ்சரை நிமிசத்துல ஓடு. இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணு. ஓடினாலும் ஓடாட்டியும் ஞாயித்துக்கெழமை காலைல கோடு போடறது நீதான்."

கோடு போடுவது பழைய தண்டனை. போன மாதம் சாருடைய விசிலுக்குள் உருளும் குட்டிப் பந்தை எடுத்துவிட்டு ஜவ்வரிசி ஒன்றைப் போட்டுவைத்தேன். அசெம்பிளியில் ஊதிய ஊதலில் அது ஊறி, வழியை அடைத்துவிட்டது. அறுநூறு பேர் அமைதியாக நின்றோம். சங்குக்கு விசில்மேல் பொறாமை என்று ஹெட்மாஸ்டர் சொன்னதாகக் கேள்வி.

ஏப்ரல் 11, வியாழன்

இன்று "இன்டர்வெல்" பயிற்சி என்றார் சார். முறுக்கு எதிர்பார்த்துப் போனேன். தியேட்டரில் இன்டர்வெல் என்றால் ஓட்டம் நிற்கும். இங்கே இன்டர்வெல் என்றால் ஓட்டமே அதுதான். இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று நடை, மறுபடி இரண்டு சுற்று. இப்படி எட்டுத் தடவை. எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று இருநூறு மீட்டர்.

கனிராஜின் வியாதி இன்று வெளிப்பட்டது. முதல் சுற்றில் பட்டாசு, கடைசிச் சுற்றில் புஸ்வாணம். நாலரை நிமிடத்துக்கு ஒரு சுற்றை 36 விநாடியில் ஓட வேண்டும். இவன் 31-ல் ஆரம்பித்து 41-ல் முடிக்கிறான். சார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவன் முன்னாடி நீ ஓடுறா. முப்பத்தாறுக்கு மேல போகவும் கூடாது, குறையவும் கூடாது."

ஓடினேன். 36. மறுபடி 36. மூன்றாவதும் 36. நாலாவது சுற்றில் புல்லில் படுத்துவிட்டேன், அது வேறு துறை.

"டவுன் பஸ் மாதிரிடா இவன்," என்றார் சார். "கூட்டம் ஏறினாலும் அதே ஸ்பீடு, எறங்கினாலும் அதே ஸ்பீடு."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குப் படம் வரும். எனக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒரே தொல்லை, பின்னால் கனிராஜ் மூச்சு விடுகிற சத்தம். குக்கர் விசில் அடிக்கப் போவது போலவே வந்துகொண்டிருக்கும், அடிக்காது.

ஏப்ரல் 12, வெள்ளி

மாடிப்படியை உட்கார்ந்தே இறங்கினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வீட்டில் பாயசம். மைதானத்தில் சாதனை.

முதலில் கோடு போடும் முறையைச் சொல்கிறேன். மைதானத்தின் இரு முனையிலும் ஆணி அடிக்க இடம் குறித்திருக்கும். ஆணியில் நீலக் கயிற்றைக் கட்டி, மறு நுனியைப் பிடித்து இழுத்தபடி, அடியில் ஓட்டை போட்ட டின்னில் சுண்ணாம்பை உதிர்த்துக்கொண்டே நடந்தால் வளைவு வரும். இரண்டு முனையிலும் இரண்டு அரை வட்டம், நடுவில் நேர்க்கோடுகள். கரிசல் மண், காற்று வேறு. ஒரு வாரத்தில் கோடு அழிந்துவிடும். ஆகவே வாரா வாரம் போட வேண்டும்.

விடியுமுன் தனியாகக் கயிறும் கையுமாக நின்றபோது, கணக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. கயிறு ஒரு மீட்டர் குறைந்தால் சுற்று ஆறு மீட்டருக்கு மேல் குறையும். வட்டத்தின் சுற்றளவு வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கேட்டுக் கணக்கு சாரிடம் வெளியே நின்றவன் நான். இன்று பதில் கிடைத்தது. ஆணிப் பக்கமாக ஒரு மீட்டரை மடித்து முடிச்சுப் போட்டேன்.

எனது நேரம்: 5:26. பதவி நிலைத்தது.

கனிராஜ்: 4:32. சார் டிவிஎஸ்ஸிலிருந்து இறங்கியேவிட்டார். அவர் இறங்கி நான் பார்த்ததில்லை.

"என்னத்தடா தின்னீங்க ரெண்டு பேரும்?"

"காராச்சேவு சார்."

கனிராஜும் சந்தோஷப்பட்டான். என் நேரத்தைக் கேட்ட பிறகு மட்டும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பொறாமை. நண்பர்களுக்குள் சகஜம்.

ஏப்ரல் 17, புதன்

கனிராஜின் மாமா திருப்பூரிலிருந்து வந்திருந்தார். ஆளை இப்போதே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டால் நல்ல செக்ஷன் கிடைக்கும், அப்புறம் என்றால் கிடைத்த இடம்தான் என்றார். நான் அவன் வீட்டு வாசலில் சேவு தின்றுகொண்டிருந்தேன்.

"பன்னெண்டாந் தேதி வரைக்கும் பொறுங்க மாமா," என்றான் கனிராஜ்.

"ஓடிருவியா?"

"ஓடிருவேன்."

"கேரண்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். "என் டயம் என்னன்னு இவன்ட்ட கேளுங்க."

"நாலு முப்பத்திரண்டு மாமா," என்றேன். மீதிச் சேவைப் பொட்டலமாக மடித்துப் பைக்குள் வைத்தேன். மாமா மட்டும் கிளம்பிப் போனார்.

வழியில் கணக்குப் போட்டேன். ஆறு மீட்டர், ஏழரைச் சுற்று. அவன் வேகத்துக்கு ஒன்பது விநாடி. 4:32 என்பது 4:41. அதாவது அவன் ஒரு விநாடிகூட முன்னேறவில்லை. முன்னேறியது கயிறு.

முடிச்சு போடும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தேவைப்பட்டது ஆறு விநாடி. அதே மைதானத்தில் அவனும் ஓடுகிறான் என்பது, என்ன சொல்ல, கவனத்துக்கு வரவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

திட்டம். முடிச்சை ஒரேயடியாக அவிழ்த்தால் கனிராஜுக்கு ஒன்பது விநாடி கூடிவிடும், மனசு விட்டுப்போகும், சார் கயிற்றைத் தேடுவார். ஆகவே ஞாயிறுதோறும் ஒரு சாண் தளர்த்துவேன். மைதானம் குழந்தை மாதிரி, தெரியாமல் வளரும். அவனும் அதற்கேற்பத் தேறுவான். மே 12-க்குள் மைதானம் முழு உயரத்துக்கு வந்திருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இவ்வளவு நுணுக்கமான மூளை பத்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

அதிகாலை நாலரைக்கே மைதானம் சென்று முடிச்சை ஒரு சாண் தளர்த்திக் கோடு போட்டேன். எல்லாம் திட்டப்படி.

(ஏழு மணிக்கு அம்மா, "ஷூவைக்கூடக் கழட்டாம தூங்குது பாரு" என்று என்னை எழுப்பியது வேறு கதை. அது இரண்டாம் தூக்கம்.)

இன்றைய நேரம்: நான் 5:36. காரணம் பாவாடை நாடா.

கனிராஜ் 4:40.

ஏப்ரல் 22, திங்கள்

பாதுகாப்புக்காக, முடிச்சு அப்படியே முழுசாக இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா பாதுகாப்புக்குத்தான். அப்படியானால் நேற்றைய 4:40 உண்மையில் 4:49. இவன் பின்னோக்கிப் போகிறான். இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசையோடு நிறுத்திவிட்டேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இரண்டாம் சாண் தளர்த்தப்பட்டது. அலாரத்தின் மேல் தலையணை விழுந்து கிடந்ததாக வீட்டில் ஒரு வதந்தி. நம்ப வேண்டாம்.

நான் 5:35. எதிர்காற்று. கனிராஜ் 4:37.

ஏப்ரல் 30, செவ்வாய்

மாலையில் விளையாட்டுச் சாமான் அறைக்குச் சும்மா போனேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கயிறு உள்ளே ஆணியில் சுருட்டித் தொங்கியது. முடிச்சு தெரியவில்லை, சுருளுக்குள் இருக்கும். வாட்ச்மேன் "என்னடா வேணும்?" என்றார். "காத்தாட வந்தேன்" என்றேன்.

மே 5, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. காலை ஆறரைக்கே மண் சுடுகிறது. மூன்றாம் சாணைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

கனிராஜ் 4:35. கணக்குப்படி 4:44. இன்னும் ஒரே வாரம். ஓடி முடித்துக் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டிருந்தான்.

"டயம் எறங்க மாட்டேங்குது மாப்ள."

"எறங்கும்."

"மைதானத்துலயே ஏதும் கோளாறோ?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் போய்விட்டது. குழாய்த் தண்ணீர்.

"மைதானத்துக்கு என்ன கோளாறு? அது பாட்டுக்குக் கெடக்கு."

"இல்ல, சும்மா கேட்டேன். உனக்கு எதுவும் தோணுச்சுன்னா சொல்லு."

"எனக்கு என்ன தோணப் போகுது?"

"உனக்குத்தான் எல்லாம் தோணும்," என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மே 8, புதன்

இந்த வாரம் முழுக்க ஐந்து மணிக்கு எழுந்துவிட்டேன். இது உண்மை. அம்மாவிடம் கேட்கலாம். எட்டு இன்டர்வெலிலும் அவனுக்கு முன்னால் ஓடினேன், புல்லில் படுக்கவில்லை. முடிச்சுக்கு எதிராக நான் செய்யக்கூடியது ஓடுவது ஒன்றுதான். சார் சந்தேகத்துடன் தன் விசிலைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

மே 10, வெள்ளி

கடைசிப் பயிற்சி ஓட்டம். கனிராஜ் 4:32. சார் அவன் முதுகில் தட்டி, "நாளன்னிக்கு ரெண்டு செகண்ட் தானா வந்துரும்டா" என்றார்.

எனக்கு மட்டும் தெரியும், வர வேண்டியது பதினொன்று.

மே 11, சனி

நாளைக்கு ஓட்டம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கனிராஜோடு டீக்கடையில் நின்றேன். அவன் மசால்வடை வாங்கினான். எனக்கு வேண்டாம் என்றேன். நான் வடை வேண்டாம் என்று சொன்னது அவனுக்கே விஷயமாகப் பட்டிருக்க வேண்டும். கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கனி. மைதானம் சின்னது."

"எந்த மைதானம்?"

"நம்ம மைதானம். கயித்துல ஒரு முடிச்சு இருக்கு. நான்தான் போட்டேன். உன் டயம் எல்லாம் ஒம்பது செகண்ட் பொய். மாமாவுக்கு போன் போடு. இல்ல, போடாத. எனக்குத் தெரியல. நீ அடிக்கணும்னா அந்தச் சந்துக்குள்ள போயிரலாம், இங்க ஆள் இருக்கு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் வடையைக் கடித்தான். மென்றான். விழுங்கினான்.

"நீலக் கயிறா? ஆணிப் பக்கமா?"

"ஆமா."

"அதை அவுத்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சுடா."

நான் விரல் விட்டு வாரங்களை எண்ணினேன்.

"நீ ஞாயித்துக்கெழமை எந்திரிச்சு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றான். "ரெண்டு வாரம், மூணு வாரம், கோடு போட்டது யாருன்னு நெனச்ச?"

"சாரு போட்டிருப்பாருன்னு..."

"சாரு வண்டியை விட்டே எறங்க மாட்டாரு."

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"எனக்கு ஒம்பது செகண்ட் கொறஞ்சப்போ சந்தோசப்பட்டேன். உனக்குப் பத்து செகண்ட் கொறஞ்சதும் நேராப் போயிக் கயித்தைப் பாத்தேன்."

"அப்ப மாமாட்ட நீ சொன்னது?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். நாலு நாப்பத்தொண்ணுதான் உண்மைன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

"சார்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னைய வெரட்டிருவாரு. அப்புறம் முப்பத்தாறுல எனக்கு முன்னாடி எவன் ஓடுவான்?" மீதி வடையை என் கையில் வைத்தான். "ரெண்டு வாரத்துல வந்து சொல்லுவன்னு நெனச்சேன். நாலு வாரம் ஆக்கிட்ட. இதுலயும் உன் டயம் மோசம்தான்டா."

வடையைத் தின்றேன். நல்ல வடை. அப்புறம்தான் உறைத்தது. நேற்றைய 4:32 உண்மையான 4:32. இரண்டே விநாடி.

மே 12, ஞாயிறு

விருதுநகர். ஒரே ஓட்டத்தில் பதினான்கு பேர். அதில் நானும் ஒருவன். வயசும் சான்றிதழும் இருந்தால் யாரும் ஓடலாம். ஓட வருமா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே சுற்று நானூறு மீட்டர். ஒரு சுற்று 72. துப்பாக்கி வெடித்ததும் பன்னிரண்டு பேர் பஸ்ஸில் சீட் பிடிக்கப் போவது போல ஓடினார்கள். எனக்குப் பின்னால் கனிராஜ். முன்னால் போனவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். வேலிக்கு வெளியே தேவபிச்சை சார், கையில் பிடித்த விசிலை ஊதவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார்.

"போவமா?" என்றான் பின்னாலிருந்து.

"இரு."

முதல் சுற்று முடியும்போது கடிகாரக்காரர் 72 என்று கத்தினார். முன்னால் போனவர்களில் நான்கைந்து பேருக்கு அப்போதே தோள் ஆட ஆரம்பித்துவிட்டது. எனக்கு நெஞ்சு கிழிந்தது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். அறுநூறாவது மீட்டரில், "இப்பப் போ" என்றேன். உண்மையில் "இப்" மட்டும்தான் வாயிலிருந்து வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் ஒவ்வொருவராகத் தாண்டியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கடைசி வளைவில் அவன் முகம் கோணியது, கால் கோணவில்லை. மூன்றாவதாக வந்தான். 4:29.

படுக்கலாம் என்று பார்த்தால் இங்கே உள்ளே புல்லில் அதிகாரிகள் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆகவே நான் கடைசி வரை ஓட வேண்டியதாயிற்று. 6:04. எனக்குக் கடிகாரம் பிடித்தவர், "தம்பி, நீ அடுத்த ஓட்டமா?" என்று கேட்டார்.

கனிராஜ் அவன் மாமாவுக்கு சாருடைய போனில் பேசினான். ஒரே வார்த்தை. "ஓடிட்டேன்."

மே 26, ஞாயிறு

கனிராஜ் விடுதிக்குக் கிளம்பினான். ஒரு தகரப் பெட்டி, ஒரு வாளி. பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மா அழுதாள், என் அம்மா துணைக்கு அழுதாள். அவன் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை என் மேல் எறிந்தான். ஷூ நாடா, ஒரு ஜோடி, வெள்ளை.

"முடிச்சுப் போடணும்னா இதுல போடு," என்றான்.

பஸ் கிளம்பிவிட்டது. அதற்கு நல்ல பதில் ஒன்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு.

ஜூன் 2, ஞாயிறு

யாரும் எழுப்பாமல் நாலே முக்காலுக்கு விழித்துவிட்டேன். மைதானத்துக்குப் போனேன். சார் ஊரில் இல்லை. தண்டனைக் காலமும் முடிந்துவிட்டது. இருந்தாலும் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக் கோடு போட்டேன். முடிச்சில்லாத கயிறு. முழு இருநூறு மீட்டர். அம்மாவின் போனில் கடிகாரத்தை ஓடவிட்டு ஆயிரத்தைந்நூறு ஓடினேன்.

இனி திருத்தங்கள். ஏப்ரல் 21, 28 தேதிகளில் நான் முடிச்சைத் தளர்த்தியதாக எழுதியிருப்பது பொய். இரண்டாம் தூக்கம் என்று குறிப்பிட்டது முதல் தூக்கத்தின் தொடர்ச்சி. பாவாடை நாடா மேலும் எதிர்காற்று மேலும் சுமத்திய பழியைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொன்று. எனக்குள் ஒரு கடிகாரம் இருப்பதாக ஏப்ரல் 11-ல் எழுதியிருந்தேன். இன்று முதல் சுற்று 33. அடுத்தது 40. கடைசி முழுச் சுற்று 52. மொத்தம் 5:38, ஆரம்பித்த நாளைவிட இரண்டு விநாடி அதிகம். ஷூ நாடா புதுசு, அதைக் குறை சொல்ல முடியாது.

கடிகாரம் எதுவும் இல்லை. பின்னால் அவன் மூச்சு நெருங்கினால் கொஞ்சம் கூட்டுவேன், தள்ளிப்போனால் கொஞ்சம் குறைப்பேன். முப்பத்தாறு அப்படித்தான் வந்தது. இன்று பின்னால் சத்தமே இல்லை, எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.